பேனாவை நிறுத்தியது யார்?

ஏதாவது ஒன்று முடிந்துபோயிற்று என்று யாராவது சொன்னால் அக்கா உடனே நம்பிவிட மாட்டார். "யாரு சொன்னா?" என்பார். இன்னார் சொன்னார் என்றால், "அவியளுக்கு யாரு சொன்னா?" என்பார். டீக்கடையில் வடை தீர்ந்துவிட்டது என்று மாஸ்டர் சொன்னாலும் எழுந்துபோய்ச் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்காருவார். பாதி நாள் அதில் ஒரு வடை கிடக்கும்.

கோவில்பட்டியில் டிசைன் வேலை பார்த்த எங்கள் எல்லோருக்கும் அவர் அக்காதான். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். நல்ல சத்தத்தோடு இன்றைக்கும் எங்கோ இருக்கிறார். இதைப் படித்தால், "என்னப் பத்தி எழுதலாம்னு ஒனக்கு யாரு சொன்னா?" என்று கேட்பார். 

இரண்டாயிரத்துக்குச் சற்று முன்னும் பின்னுமான காலம். பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு மாடி அறையில் அவருடைய டி.டி.பி. கடை. எதிர் மாடியில் என்னுடையது. தீப்பெட்டி லேபிள், கடலைமிட்டாய் உறை, கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ் என்று எல்லா வேலைக்கும் எங்களுக்குள் போட்டிதான். லேபிளில் மட்டும் அவரை நெருங்க முடியாது. அத்தனை சின்னக் காகிதத்துக்குள் அவர் ஒரு மயிலை நிறுத்தினால் அதன் கழுத்து நம்மைப் பார்த்துத் திரும்புவது போலிருக்கும்.

அப்போது அவர் நாகலாபுரம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனார். தகப்பனாருக்கு அங்கே பருத்தியும் உளுந்தும் போடுகிற காடு. மழை பெய்தால் பஸ் ஏறும் இடம் வரைக்கும் நடந்த கரிசல் மண், செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பாக அப்பியிருக்கும். மாடிப்படியில் நின்று இரும்பு ஸ்கேலால் அதைச் சுரண்டித் தள்ளுவார். கீழே பலசரக்குக் கடைக்காரர் சத்தம் போடுவார்.

"மண்ணுதான அண்ணாச்சி. எடுத்து ஒரு தொட்டியில போட்டு வைங்க, பருத்தி மொளைக்கும்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிடுவார்.

அவருக்கு ஒருமுறை நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு ஓட்டப்பிடாரம். பூ வைத்துத் தேதியும் குறித்தாயிற்று. பத்திரிகையைக்கூட அவரே வரைந்து முடித்திருந்தார். கல்யாணத்துக்கு அப்புறமும் கடையை நடத்துவேன் என்று அவர் சொன்னது மாப்பிள்ளையின் தகப்பனாருக்குப் பிடிக்கவில்லை. 'இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது' என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டில் ஒரே அழுகை. அக்கா மறுநாள் காலையில் தனியாகப் பஸ் ஏறி ஓட்டப்பிடாரம் போனார்.

மாப்பிள்ளை ஓர் உரக்கடையில் வேலை பார்த்தார். கடையில் ஆட்கள் நிற்கும்போதே அக்கா கேட்டிருக்கிறார்: "முடிஞ்சிட்டுன்னு எங்க அப்பா சொன்னாரு. அவருக்குத் தரகர் சொன்னாராம். தரகருக்கு ஒங்க அப்பா சொன்னாராம். நீங்க என்ன சொல்லுதிய?"

அந்த மனிதர் யூரியா மூட்டையைப் பார்த்துக்கொண்டு, "அப்பா சொல்லுததுதான்" என்றாராம்.

"அவிய சொன்னது எனக்கு வந்து சேந்துட்டு. ஒங்க வாயால சொல்லுங்க."

"வேண்டாம்" என்றாராம்.

"சரி. இத நேத்தே ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். எனக்கு ஒரு நாள் வேல மிச்சம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

இதை அவரே எங்களிடம் டீக்கடையில் சொன்னார். "அழலியாக்கா?" என்று கேட்டேன்.

"பஸ்ல வரும்போது அழுதேன். சொல்ல வேண்டியவரே சொல்லிட்டாருல்லா. அதுக்கப்புறம் அழுதா அதுல ஒரு நியாயம் இருக்கு" என்றார். பிறகு வடைச் சட்டியைப் பார்க்க எழுந்துபோனார்.

நாங்கள் எல்லோரும் வரைந்தது ஒரே மென்பொருளில். அதன் அடையாளப் படம் ஒரு பேனா முனை. அதனால் எங்கள் ஊரில் அதற்குப் பெயரே பேனா என்றாகிவிட்டது. படம் வரைய வேறு மென்பொருள்களும் இருந்தன. ஆனால் தீப்பெட்டி வேலைக்குப் பேனா கையோடு ஒட்டிக்கொண்டது. பெட்டியின் மேல் ஒட்டுகிற லேபிள், டஜன் கட்டின் உறை, பண்டலின் உறை, மூன்றும் மூன்று அளவு. மற்றதில் மூன்றுக்கும் மூன்று கோப்புகள் வேண்டும். பேனாவில் ஒரே கோப்புக்குள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து, ஒரு மயிலை இங்கிருந்து அங்கே இழுத்துப் போடலாம். அதன் வளைகோடுகள் சொன்ன பேச்சைக் கேட்கும். அக்கா சொல்வார்: "மத்ததெல்லாம் நான் வரையுதேன். இது என் கூட வரையுது."

பேனாவின் ஒரிஜினல் பெட்டி எங்கள் ஊரிலேயே அக்காவிடம் மட்டும்தான் இருந்தது. நாங்களெல்லாம் ஒருவரிடமிருந்து ஒருவர் நகல் எடுத்த சி.டி.யில் பிழைத்தோம். நின்றுபோன கல்யாணத்துக்காகச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்து அவர் அந்தப் பெட்டியை வாங்கினார் என்று பேசிக்கொண்டார்கள். கேட்டதற்கு அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெட்டி கம்ப்யூட்டருக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பெட்டியின் மேல் தூசி படிய விட்டதில்லை.

சில வருஷம் கழித்து மதுரையிலிருந்து மென்பொருள் விற்கும் டீலர் ஒருவர் வந்து, ஓர் ஓட்டல் மாடியில் டிசைனர்களுக்கு என்று கூட்டம் போட்டார். காபியும் கேசரியும் கொடுத்தார்கள். டை கட்டியிருந்தார். நல்ல மனிதர்தான். பேனாவைச் செய்த கம்பெனியை அதைவிடப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது, வாங்கியவர்களிடம் ஏற்கெனவே சொந்தமாக ஒரு வரையும் மென்பொருள் இருக்கிறது, அதனால் பேனாவுக்கு இனிப் புதிய பதிப்பு வராது, எல்லோரும் அவர்களுடைய மென்பொருளுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று சொன்னார்.

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சாத்தூரிலிருந்து வந்திருந்த ஒருவர், இத்தனை வருஷ வேலையும் பேனாக் கோப்பில்தான் இருக்கிறது, அதையெல்லாம் எங்கே கொண்டு கொட்ட என்று மேசையைத் தட்டினார். பிளெக்ஸ் போர்டு அடிக்கும் செல்வம், வாங்கினவன் நாசமாய்ப் போவான் என்று சபித்துவிட்டு இன்னொரு கேசரி எடுத்துக்கொண்டான்.  புதிதாக ஒன்றைப் படிக்கிற வயதைத் தாண்டிவிட்டோமோ என்று எனக்குப் பயம்.

அக்கா எழுந்தார். முதலில் எங்களைப் பார்த்துத்தான் கேட்டார். "இங்கன யாரு யாரு கைல ஒரிஜினல் இருக்கு?"

ஒரு கையும் உயரவில்லை.

"ஓசில குடிச்சவியதான் கெணறு வத்திப்போச்சுன்னு ரொம்ப அழுதிய" என்றார். பிறகு டீலரிடம் திரும்பினார். "சார், நான் வாங்கியிருக்கேன். என் பெட்டியில இருக்கதுக்கு நாளைக்கு என்ன ஆவும்?"

"ஒண்ணும் ஆகாது மேடம். ஆனா சப்போர்ட் கிடையாது."

"இதுவர என்ன சப்போர்ட் பண்ணுனிய? கரண்டு போயி லேபிள் அழிஞ்சப்போ மதுரையில இருந்து யாரும் வந்தியளா?"

டீலர் சிரித்தார். "மேடம், அது முடிஞ்சுபோன புரோகிராம்."

"யாரு சொன்னா?"

"கம்பெனி."

"செஞ்ச கம்பெனியா, வாங்குன கம்பெனியா?"

"வாங்கின கம்பெனி."

"மாட்ட வித்தவன் பேசாம இருக்கான். வாங்குனவன் கட்டிப்போடுதான். சரி, அவன் மாடு, அவன் இஷ்டம். என் வீட்டு மாட்டுக்கு அவன் ஏன் மூக்கணாங்கயிறு கொண்டு வாரான்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் வந்தது. டீலரும் தட்டினார். ஆனால் கூட்டம் முடிந்ததும் பாதிப் பேர் அவரிடம் புதிய மென்பொருளின் விளக்கச் சி.டி.யை வாங்கிக்கொண்டுதான் படி இறங்கினார்கள். நானும் ஒன்று வாங்கினேன். அக்கா பார்த்தார். 

அந்த வாரம் செல்வம் ஒரு குறும்பு செய்தான். பேனா முனைக்கு மாலை போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர் அடித்தான். 'எங்களை ஆறாத் துயரில் ஆழ்த்திவிட்டு மறைந்த பேனா அவர்களுக்கு' என்று எழுதி, கீழே 'கோவில்பட்டி வட்டார டிசைனர்கள்' என்று போட்டு, அக்கா கடைக்கு எதிரே சுவரில் ஒட்டிவிட்டான். காலையில் வந்த அக்கா படியில் நின்று அதை முழுதும் படித்தார். கிழிக்கவில்லை. மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மதியத்துக்குள் இன்னொரு போஸ்டர் அதன்மேல் ஏறியிருந்தது. அதே பேனா முனைக்குப் பட்டு வேட்டி கட்டி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார். 'பேனா நலமாக இருக்கிறார். வேலை கொடுப்பவர்கள் மாடிக்கு வரவும்.'

இதற்கிடையில் கீழ்க் கடைக்காரர் முதல் போஸ்டரை மட்டும் பார்த்துவிட்டு, மாடியில் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து அரைநாள் கடையை அடைத்துவிட்டார். சாயங்காலம் விஷயம் தெரிந்து செல்வத்தைத் தேடி அலைந்தார்.

வேடிக்கை அதோடு போயிற்று. வேலையில் நெருக்கடி வந்தது. புதிய பதிப்பு வராது என்றதும், பேனாக் கோப்பை அச்சகங்கள் வாங்காது என்ற பேச்சு ஊருக்குள் பரவியது. அக்காவின் பெரிய வாடிக்கை ஒரு தீப்பெட்டி ஆபீஸ்; தொழிற்சாலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அந்த முதலாளியின் மகன், படித்து முடித்துப் புதிதாகத் தொழிலுக்கு வந்தவர், ஒருநாள் மாடியேறி வந்தார். நான் அப்போது ஏதோ எழுத்துரு கடன் கேட்டு அங்கே இருந்தேன்.

"யக்கா, நீங்க புதுசுக்கு மாறிருங்க. இல்லன்னா லேபிள வேற எடத்துல குடுக்க வேண்டியதிருக்கும். பேனாவுல வரஞ்சத வாங்க மாட்டோம்னு சிவகாசில பிரஸ்ல சொல்லிட்டாவ."

"பிரஸ்ல யாரு சொன்னா?"

"மேனேஜர்."

அக்கா கம்ப்யூட்டரை அணைத்தார். பையை எடுத்தார். "தம்பி, கடையப் பாத்துக்கோ, வாரேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சிவகாசிக்குப் பஸ் ஏறிவிட்டார். என் கடையைப் பூட்டிவிட்டுப் போட்டிக் கடைக்குக் காவல் இருந்த மனுஷன் இந்தத் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அங்கே அச்சக மேனேஜர், தான் சொல்லவில்லை, அச்சுக்குப் பிலிம் எடுத்துக் கொடுக்கும் கடையில் சொன்னார்கள் என்றாராம். அக்கா பிலிம் கடைக்குப் போனார். அவர்கள் தங்கள் ஆபரேட்டர் சொன்னதாகச் சொன்னார்கள். ஆபரேட்டர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வரும்வரை வாசலில் நின்றார். வந்த ஆபரேட்டர், மதுரையிலிருந்து வந்த டீலர் ஒருவர் இனிமேல் கஷ்டம் என்று பேச்சுவாக்கில் சொன்னதாகச் சொன்னார்.

"நீங்க தொறந்து பாத்தியளா?"

"இல்ல."

"தொறந்து பாருங்க."

அக்கா கொண்டுபோன சி.டி.யைப் போட்டுத் திறந்தார்கள். மயில் நின்றது. பிலிமும் சரியாக வந்தது. அக்கா அந்தப் பிலிமை அச்சக மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கிருந்தே முதலாளி மகனுக்குப் போன் போடச் சொன்னார். "நாங்க அப்படி ஒண்ணும் சொல்லலியே" என்று மேனேஜர் சொல்வதைப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார். லேபிள் வேலை அவரிடமே நின்றது.

எல்லா இடத்திலும் ஜெயித்தார் என்று சொல்ல முடியாது. இடைசெவல் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு கடலைமிட்டாய்க்காரர் திடீரென்று நின்றுவிட்டார். பேனாதான் காரணமோ என்று அக்கா தேடிப்போய்க் கேட்டதில், அவருடைய மைத்துனன் புதிதாக டிசைன் கடை வைத்திருந்தது தெரிந்தது. "மச்சினன எதுத்து எந்தப் புரோகிராமும் நிக்காது" என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை.

நாங்கள் ஒவ்வொருவராக மாறினோம். புதிதில் பழைய கோப்புகளைத் திறந்தால் எங்கள் பழைய தமிழ் எழுத்துருவில் ஒரே ஓர் எழுத்து மட்டும் காணாமல் போகும். அது 'இ'. 'இனிப்பு' என்பது 'னிப்பு' என்று நிற்கும். 'இல்லத் திருமண விழா' என்பது 'ல்லத் திருமண விழா' ஆகிவிடும். தேடித் தேடி ஒவ்வொன்றாகச் சேர்ப்போம். செல்வம் ஒரு பிளெக்ஸில் அதைக் கவனிக்காமல் விட்டு, 'இளைய தளபதி' என்று தன்னைப் போடச் சொன்ன ஒரு வட்டச் செயலாளரை 'ளைய தளபதி'யாக்கிச் சந்தியில் நிறுத்திவிட்டான். அக்காவிடம் வந்து புலம்பினான்.

"என் கிட்ட 'இ' நெறையக் கெடக்கு. வேணுங்கத அள்ளிட்டுப் போ" என்றார் அக்கா.

மாறியதற்காக எங்களை அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. தன்னிடம் வேலை பார்த்த பெண்ணுக்குப் புதிய மென்பொருளைப் படிக்க ஏற்பாடு செய்ததும் அவர்தான். "அவ பொழப்பு அவளுக்கு. நாளைக்கு எங்க போனாலும் கை ஓடணும்லா" என்றார். தான் மட்டும் மாறவில்லை. புதிய கம்ப்யூட்டர்களில் பேனா ஏற மறுத்தது. அதனால் பழைய கம்ப்யூட்டரையே விசிறி மாற்றி, மெமரி மாற்றி ஓட்டினார்.

பிறகு கரண்டு கண்டபடி போய்வந்த அந்த வருஷங்கள். ஒருநாள் காலையில் போன கரண்டு, வரும்போது அளவுக்கு மேல் வந்தது. தெருவில் பல கடைகளில் பல்பு வெடித்தது. அக்காவின் கம்ப்யூட்டரிலிருந்து கருகிய வாடை வந்து, திரை இருண்டது. யு.பி.எஸ்.ஸும் சேர்ந்து போயிருந்தது.

வடநாட்டுக்குப் போகிற புது லேபிள் வரிசை ஒன்றை அப்போது அவர் வரைந்துகொண்டிருந்தார். ஒரே யானை, மாநிலத்துக்கு ஒரு மொழி, ஒவ்வொன்றுக்கும் லேபிள், கட்டு உறை, பண்டல் உறை. மறுநாள் சாயங்காலம் சிவகாசிக்குப் போயாக வேண்டும். காகிதம் வாங்கி வைத்துவிட்டார்கள், மெஷினை ஒதுக்கிவிட்டார்கள். கோப்புகள் சி.டி.யில் பத்திரமாக இருந்தன. பேனாவில் திறக்கத்தான் இடமில்லை. புதிதில் திறந்தால் இந்தியில் எந்த எழுத்து உதிரும் என்று யாருக்குத் தெரியும்? மெக்கானிக் வந்து போர்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது முடிஞ்சிட்டு" என்றார்.

அக்கா எதுவும் கேட்கவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் பயந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கறுத்த போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக்குக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

என் கடையில் மூலையில் சாக்குப் போட்டு மூடிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தது. அதில் பேனா இன்னும் இருந்தது. தூக்கிக்கொண்டு எதிர் மாடி ஏறினேன். அக்கா என்னைப் பார்த்தார். "ஓடுதா?" என்றார். "நீங்களே பாருங்க" என்றேன். மூச்சு வாங்கியது.

நான் கிளம்பும் முன்பே செல்வத்துக்குப் போன் போட்டிருந்தேன். மதியத்துக்குள் டி.வி.எஸ். பிப்டியின் முன்னால் ஒரு பழைய கம்ப்யூட்டரை நிற்கவைத்துக் காலால் இடுக்கிக்கொண்டு அவன் வந்தான். சாத்தூர்க்காரருக்கு அவன் சொல்லியிருக்கிறான். அவர் பஸ்ஸில் தன்னுடையதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கண்டக்டர் லக்கேஜ் கேட்டாராம். "இது லக்கேஜ் இல்ல, நோயாளி" என்று சொல்லியிருக்கிறார். இன்னும் ஒருவர் வந்தார். பலசரக்குக் கடைக்காரர் தன் கடையிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தார். அவரிடம் ஜெனரேட்டர் இருந்தது.

அக்கா மேசையில் இடம் ஒதுக்கி, கோப்புகளைப் பிரித்தார். செல்வத்துக்கு இந்தி. சாத்தூர்க்காரருக்கு மராட்டி. எனக்குப் பண்டல் உறைகள். "யானக் காத யாரும் தொடக்கூடாது. அது என் வேல" என்றார். போட்டிக்காரர்கள் எல்லோரும் ஒரே அறையில் தோளிடிக்க உட்கார்ந்தோம். வருஷக்கணக்கில் தொடாத பேனா. முதல் கோட்டை இழுத்தபோது என் விரல் தானாகவே சரியான விசைக்குப் போனது. செல்வம் என்னைப் பார்த்தான். அவனுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. "சே, என்ன சொகமா வழுக்குது" என்று மெதுவாகச் சொன்னான்.

அன்று இருட்டும்வரையும், மறுநாள் காலையிலிருந்தும் வரைந்தோம். சாயங்காலப் பஸ்ஸில் சி.டி.யோடு அக்காவே சிவகாசிக்குப் போனார். லேபிள் அச்சேறியது.

அடுத்த வாரம் அவரவர் கம்ப்யூட்டரை எடுத்துப்போக வரச்சொல்லி அக்கா ஆள் அனுப்பினார். போனோம். மேசையில் எல்லாம் தூசி துடைத்து வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. யாரும் எடுக்கவில்லை. எடுத்துப்போய் மறுபடி சாக்குப் போட்டு மூடத்தானே.

செல்வம் தலையைச் சொறிந்தான். "யக்கா, இங்கனயே கெடக்கட்டும்."

அக்கா டீ சொல்ல எழுந்தவர் அப்படியே நின்றார். "என்னது?"

"கெடக்கட்டும்னு சொன்னேன்."

"கெடக்கதுக்கு இது என்ன பொணமால? ஓடட்டும்னு சொல்லு."

"ஓடட்டும்க்கா."

சாத்தூர்க்காரரைப் பார்த்தார். அவர் அக்காவைவிட மூத்தவர், நரைத்த மீசை. எழுந்து நின்று, "ஓடட்டும்மா" என்றார். இன்னொருவரும் சொன்னார். கடைசியாக என் பக்கம் திரும்பினார்.

சொன்னேன். அதற்குப் பிறகுதான் ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்து டீக்குக் குரல் கொடுத்தார்.